10 மைல் ரோடு... 4 கோச்!

கே, ஆர், இஸட், ஒய், இஸட், இ, டபிள்யூ, எஸ், கே, ஐ... இந்தப் பத்து எழுத்தையும் சேர்த்து ஒரே மூச்சில் படியுங்கள் பார்ப்போம். நாக்கு சுளுக்கிக்கிச்சா? 'ஷெஷெஃப்ஸ்கி'ன்னு சொல்லணுமாம். 1980 மார்ச்சில் அமெரிக்காவின் ட்யூக் யுனிவர்சிட்டிக்கு இந்தப் பெயரில் ஒரு புது பேஸ்கட்பால் கோச் வருகிறார் என்று அறிவித்தபோது, மாணவர்கள் நடத்தும் பேப்பரில் 'இது அச்சுப்பிழை இல்லை' என்கிற அர்த்தத்தில் தலைப்பு போட்டு கலாய்த்தார்கள். வரும்போது அவர் கையில் இருந்த மார்க் ஷீட் என்ன தெரியுமா? அதற்கு முந்தைய சீசனில் ஆர்மி டீமோடு 9 வெற்றி, 17 தோல்வி!

இன்றைக்கு அதே கேம்பஸில், ஸ்டேடியம் வாசலில் இருக்கும் புல்தரைக்கே அவர் பெயர்தான். ஷெஷெஃப்ஸ்கிவில்! பசங்க வாயில் சுருக்கமாக 'கே-வில்'. அந்தப் புல்லில் உட்கார்ந்துதான் இந்தக் கட்டுரையின் முதல் குறிப்பை எழுதினேன். ஜூன் மாதம், மத்தியானம் 2 மணி, மெட்ராஸ் புழுக்கத்துக்குக் கொஞ்சமும் குறையாத வியர்வை. ஈ, காக்கா கிடையாது.

ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்கு அங்கே என்ன வேலைன்னுதானே கேட்கறீங்க? பெரியம்மா பொண்ணு நார்த் கரோலினாவில் இருக்கிறாள். ரிசர்ச் ட்ரையாங்கிள் பார்க் என்று 1959-ல் தொடங்கிய மாபெரும் ஆராய்ச்சிப் பேட்டை. அதைச் சுற்றி கேரி, மோரிஸ்வில் என்று ஊர்கள். நம்ம ஆளுங்க ஏகத்துக்கும் குடியேறி, கேரியில் பெருமாள் கோயிலுக்கு 87 அடியில் கோபுரமே கட்டி 2022-ல் திறந்துவிட்டார்கள். செமஸ்டர் லீவில் வந்த என்னை அக்காவும் அத்தானும் கோயில், மால், பீச் என்று சுற்றிக் காட்டத் தயாராக இருந்தார்கள். நான்தான் "ஒரு நாள் என்னைத் தனியா விட்டுடுக்கா, ரெண்டு கிரவுண்டு பார்க்கணும்" என்று அடம் பிடித்தேன்.

காரணம், என் பையில் இருந்த ஒரு குற்ற உணர்ச்சி. விமானம் ஏறுவதற்கு ரெண்டு நாள் முன்னால், எங்கள் காலேஜ் பேஸ்கட்பால் டீம் ஒரு லெட்டர் எழுதியது. 'புது கோச் வேண்டாம், மாற்றுங்கள்' என்று பி.டி. சாருக்கு. முதல் சீசன். 11 மேட்ச்சில் 3-தான் ஜெயித்தோம். டிசம்பரில் ஜோனல் முதல் ரவுண்டிலேயே 71-38. நாங்கள் வருஷா வருஷம் ஜெயிக்கிற காலேஜிடம்! அந்த லெட்டரில் மூணாவது கையெழுத்து என்னுடையது. டீமில் நான் பெரும்பாலும் பெஞ்ச்தான். ஆனா, கையெழுத்துப் போடறதுல மட்டும் ஃபர்ஸ்ட் ஃபைவ்ல வந்துட்டேன்!

சரி, கே-வில்லுக்கு வருவோம். ஜூனில் வெறும் புல். ஆனால் ஜனவரியில் வந்தால் இங்கே டென்ட் நகரமே இருக்கும். பக்கத்து ஊர் எதிரி நார்த் கரோலினா யுனிவர்சிட்டியோடு மேட்ச் நடக்கும் நாளுக்காக வாரக்கணக்கில் பசங்களும் பொண்ணுங்களும் குளிரில் டென்ட் போட்டுப் படுத்துக் கிடப்பார்கள். ஒரு டென்ட்டுக்கு 12 பேர். ராத்திரியிலும் ஆள் இருந்தே ஆகணும். திடீர் திடீர்னு அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். க்ளாஸ்ல ப்ராக்ஸி கொடுக்கற மாதிரி இங்கே கொடுக்க முடியாது. 1986-லிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

எதற்காக இவ்வளவு தவம்? கேமரன் இண்டோர் ஸ்டேடியத்துக்குள் நின்று பார்த்தால் புரிந்துவிடும். 1940 ஜனவரியில் திறந்தது. வெறும் 9,314 பேருக்குத்தான் இடம். 'அடப்பாவிகளா, இவ்வளவு சின்னதா!' என்றுதான் தோன்றும். ஸ்டூடன்ட்ஸ் நிற்கிற மரப்படி கோர்ட் கோட்டை ஒட்டியே இருக்கிறது. எதிர் டீம்காரன் பந்தை உள்ளே வீச நின்றால், நம் கை அவன் முதுகில் பட்டுவிடும். வெளியே கருங்கல் மாதிரி சுவர், சர்ச் மாதிரி ஜன்னல். இதையும் இந்தக் கேம்பஸில் பாதியையும் வரைந்தவர் ஜூலியன் ஏபல் என்கிற கறுப்பின ஆர்க்கிடெக்ட். அவர் வரைந்த இந்தக் காலேஜிலேயே கறுப்பின மாணவர்களுக்கு 1960-கள் வரை அனுமதி கிடையாது. இதைப் படித்த பிறகு அந்த சுவரை சும்மா பார்த்துவிட்டு நகர முடியவில்லை.

ட்யூக் என்பது சிகரெட் பணத்தில் எழுந்த காலேஜ். டர்ஹாம் ஊரே புகையிலை ஊர். 'லக்கி ஸ்ட்ரைக்' என்று எழுதிய புகைபோக்கி இப்பவும் ஊர் நடுவில் நிற்கிறது. 1987-ல் மூடிய ஃபேக்டரியை 2004-ல் ஆபீஸும் ஹோட்டலுமாக மாற்றிவிட்டார்கள். இந்தப் பக்கத்துக் காலேஜ்களுக்கு 'டொபாக்கோ ரோடு' என்று பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

இப்போது 1980-க்குப் போவோம். 33 வயது கோச் வருகிறார். முதல் சீசன் 17 வெற்றி, 13 தோல்வி. பரவாயில்லை ரகம். நார்த் கரோலினாவை இதே கேமரனில் ஓவர்டைமில் ஒரே பாயின்ட்டில் சாய்த்த ஒரு ராத்திரியும் அதில் உண்டு. ஆனால் அந்த ராத்திரியின் ஹீரோ ஜீன் பேங்க்ஸ் பழைய கோச் சேர்த்த பையன். அவன் படிப்பை முடித்துப் போனதும் சாயம் வெளுத்தது. இரண்டாவது சீசன் 10-17. மூன்றாவது 11-17. பெரிய பசங்களாகக் குறிவைத்துத் துரத்தினார். கிறிஸ் மல்லின் மாதிரி ஆட்கள் வேறு காலேஜுக்குப் போய்விட்டார்கள். 1983 ஜனவரியில் வேக்னர் என்கிற, யாரும் கேள்விப்படாத சின்னக் காலேஜ் கேமரனுக்கே வந்து அடித்துவிட்டுப் போனது.

இதில் எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றிய மாதிரி, அக்கம்பக்கம் என்ன நடந்தது தெரியுமா? 1982-ல் பக்கத்து ஊர் நார்த் கரோலினா நேஷனல் சாம்பியன். கடைசி ஷாட் போட்டது முதல் வருஷப் பையன் ஒருத்தன், பெயர் மைக்கேல் ஜோர்டன். 1983-ல் அந்தப் பக்கத்து ஊர் நார்த் கரோலினா ஸ்டேட் சாம்பியன். அதன் கோச் ஜிம் வால்வானோ, நம்மாளோடு அதே 1980 மார்ச்சில் வேலைக்கு வந்தவர்! எதிர்வீட்டுப் பையன் ஐ.ஐ.டி., பக்கத்துவீட்டுப் பையன் மெடிக்கல் சீட்டு, நாம மட்டும் அரியரோட உட்கார்ந்திருந்தா வீட்டுல எப்படிப் பார்ப்பாங்க? அதே பார்வைதான். பணம் கொடுக்கிற பழைய மாணவர்கள் ஆளை மாற்றச் சொல்லி நச்சரித்தார்கள்.

1983 மார்ச், அட்லான்டா. வர்ஜீனியாவிடம் ட்யூக் 109-66. நாற்பத்து மூணு பாயின்ட்! எல்லாரும் 'ஜோன் டிஃபென்ஸ் ஆடேன்யா' என்று கத்த, இந்த மனுஷன் மேன் டு மேன்-ஐ விடவே மாட்டேன் என்று நின்றார். ஆடியதில் பாதிப் பேர் முதல் வருஷப் பசங்க. அன்று நள்ளிரவுக்கு மேல் ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது, கூட இருந்த ஒருத்தர் இந்த ராத்திரியை மறப்போம் என்று டம்ளரைத் தூக்க, கோச் மறுத்து, மறக்கவே கூடாது என்று டம்ளரைத் தூக்கினாராம். அடுத்த சீசன் பிராக்டிஸின் முதல் நாள், ஸ்கோர் போர்டில் 109-66 எரிந்துகொண்டிருந்தது.

அங்கே நின்று எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் கோச் சார்தான். அவரும் மேன் டு மேன் பைத்தியம். முதல் மூணு வாரம் பந்தையே கையில் கொடுக்கவில்லை. குனிந்து, கையை விரித்து, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கணும். "சார், நண்டுப் பயிற்சியா?" என்று கேட்டவனுக்கு எக்ஸ்ட்ரா 10 ரவுண்டு. ஜோனலில் எங்கள் கால் ஓய்ந்துபோய் எதிராளி ஃப்ரீயாக லே-அப் போட்டுக்கொண்டிருந்தபோதும் ஜோனுக்கு மாற்றவில்லை. லெட்டரில் முதல் குற்றச்சாட்டே இதுதான்.

ஸ்டேடியத்தை ஒட்டின கட்டடத்தில் 'ஷ்வார்ட்ஸ் - பட்டர்ஸ்' என்று பெயர் இருக்கும். அந்த பட்டர்ஸ், டாம் பட்டர்ஸ், அப்போதைய அத்லெடிக் டைரக்டர். நம்ம ஊர்க் கணக்கில் பி.டி. சார். 1984 ஜனவரியில், சீசன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் செய்த காரியம்... கோச்சைக் கூப்பிட்டு 5 வருஷத்துக்குப் புது கான்ட்ராக்ட் கொடுத்தார்! அப்போது அந்த மனுஷனின் முதல் மூணு சீசன் மொத்தக் கணக்கு 38-47. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 109 வாங்கிய அந்தப் பொடிப் பசங்க, ஜானி டாக்கின்ஸ், மார்க் அலாரி, ஜே பைலஸ், டேவிட் ஹெண்டர்சன், நாலாவது வருஷம் 1986-ல் 37 மேட்ச் ஜெயித்து ஃபைனல் வரை போனார்கள். 1991-லிருந்து 2015 வரை 5 நேஷனல் டைட்டில். 2022-ல் ரிட்டயர் ஆகும்போது மொத்தம் 1,202 வெற்றி.

இந்த இடத்தில் நான் எழுந்து, குற்ற உணர்ச்சியோடு ஊர் திரும்பியிருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று தலைப்பு வேறு ரெடி. ஆனால் நான்தான் பஸ் ஏறிவிட்டேனே!

டர்ஹாமிலிருந்து சாப்பல் ஹில்லுக்கு 15-501 என்கிற ரோட்டில் சுமார் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற தூரம்தான். பஸ்ஸில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். நடுவில் எல்லைக்கோடு மாதிரி எதுவுமே கிடையாது. ஆனால் இறங்கும்போது கடை ஷட்டர், தொப்பி, குடை எல்லாம் கலர் மாறியிருக்கும். டர்ஹாமில் அடர்நீலம். இங்கே வெளிர் வானநீலம். ரெண்டு பேருக்கும் நீலம்தான் பிடிக்கும், ஆனா எந்த நீலம்கறதுலதான் சண்டை! ட்யூக் பணக்கார பிரைவேட் காலேஜ். இது 1795-லேயே வகுப்பு தொடங்கிய கவர்ன்மென்ட் யுனிவர்சிட்டி. அந்தக் காய்ச்சலும் சண்டையில் கலந்திருக்கிறது.

'டீன் டோம்' என்று செல்லமாகச் சொல்லும் டீன் ஸ்மித் சென்டர் இங்கேதான். 1986-ல் திறந்தது, 21,750 பேருக்கு இடம். கேமரன் நம்ம ஊர் டூரிங் டாக்கீஸ் என்றால் இது மல்டிப்ளெக்ஸ். பிரமாண்டம்தான், ஆனால் எனக்கு ஒட்டவில்லை. நான் தேடிப்போனது அதை அல்ல. கேம்பஸ் நடுவில் இருக்கும் வூலன் ஜிம் என்கிற பழைய கட்டடம்.

1961-ல் 30 வயது டீன் ஸ்மித் இங்கே கோச் ஆனார். விதிமீறலுக்குத் தண்டனை வாங்கிய டீம், வெளியேறிப் போன பழைய கோச், மேட்ச் ஃபிக்ஸிங் ஊழலால் குறைக்கப்பட்ட மேட்ச்கள். இதெல்லாம் அவர் தலையில் விழுந்த சீதனம். முதல் சீசனில் ஆடியதே 17 மேட்ச்தான்: 8 வெற்றி, 9 தோல்வி. நாலாவது சீசனில், 1965 ஜனவரியில், வேக் ஃபாரஸ்ட்டிடம் 107-85 தோற்றுவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்தால், இந்த ஜிம் வாசலில் ஒரு கொடும்பாவி தொங்குகிறது. அவருடைய கொடும்பாவி! தொங்கவிட்டது அவர் காலேஜ் பசங்களே. பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிப்போய் அதைப் பிய்த்து எறிந்தவன், டீமின் ஸ்டார் பில்லி கன்னிங்ஹாம். அடுத்த மேட்ச் எங்கே? ட்யூக்கில், நான் காலையில் பார்த்த அதே கேமரனில். 65-62 என்று ஜெயித்தார்கள்.

எந்த மரம், எந்தக் கிளை என்று சொல்ல அங்கே போர்டு எதுவும் என் கண்ணில் படவில்லை. ரெண்டு பேர் ஸ்கேட்டிங் பலகையில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அந்த வாசல் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கன்னிங்ஹாம் இடத்தில் நான் இருந்திருந்தால் பஸ்ஸை விட்டு இறங்கியிருப்பேனா? ஜன்னலோரமா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன்னுதான் தோணுது.

ஸ்மித் 1997-ல் 879 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். இந்த யுனிவர்சிட்டியில் முதன்முதலாக ஸ்காலர்ஷிப்பில் ஆடிய கறுப்பின வீரர் சார்லி ஸ்காட்டைக் கொண்டு வந்ததும் அவர்தான். 2015-ல் இறந்தார். அவர் உயிலில் ஒரு வரி இருந்தது. தன்னிடம் ஆடிய ஒவ்வொரு வீரனுக்கும் 200 டாலர், ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட. சுமார் 180 பேருக்கு செக் போனது. ஜோர்டனுக்கும் 200. பெஞ்சிலேயே உட்கார்ந்து தேய்ந்தவனுக்கும் 200. பெஞ்ச் ஆசாமியான எனக்கு இந்த மனுஷனின் 879-ஐவிட இந்த 200 பெரிசா தெரியறதுல ஆச்சர்யம் இல்லை.

நடுவில் ஒரு கொசுறு. ஸ்மித் கன்சாஸில் படித்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஃபாக் ஆலன், பேஸ்கட்பாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடமே கற்றவர். நெய்ஸ்மித் 1891-ல் ஆட்டத்தைக் கண்டுபிடித்தது ஸ்பிரிங்ஃபீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பள்ளியில், அங்கே படித்த ஹெச்.சி.பக்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். நந்தனத்தில் மேட்ச் ஆடியிருக்கிறீர்கள் என்றால், நீங்களும் இந்தக் குடும்பம்தான். இன்னொண்ணு தெரியுமா? கன்சாஸில் கோச்சாக இருந்த நெய்ஸ்மித்தின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி. ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவருக்கே இந்தக் கதி!

இனிமேல்தான் வில்லங்கம்.

2000-ல் இங்கே ஒரு புது கோச் வந்தார். மேட் டோஹர்ட்டி. 1982 சாம்பியன் டீமில் ஜோர்டனோடு ஆடிய ஆள். முதல் சீசன் 26-7. அந்த வருஷத்தின் சிறந்த கோச் என்று அசோசியேட்டட் பிரஸ் விருதே கொடுத்தது. 'முதல் சீசன் பார்த்தா போதும்' என்கிற கட்சிக்காரர்கள் விசில் அடித்திருப்பார்கள். இரண்டாவது சீசன்? 8-20. இந்த யுனிவர்சிட்டி சரித்திரத்தில் அப்படி ஒரு அடி விழுந்ததே இல்லை. 27 வருஷமாகத் தவறாமல் ஆடிவந்த என்.சி.ஏ.ஏ. டோர்னமென்ட்டில் இடம் போச்சு. மூன்றாவது சீசன் 19-16. தோல்வி மட்டும் காரணம் இல்லை. அவர் நடத்துகிற விதம் பசங்களுக்குப் பிடிக்கவில்லை. சீசன் முடிந்ததும் அத்லெடிக் டைரக்டரிடம் போய் மனதில் இருந்ததைக் கொட்டினார்கள். 2003 ஏப்ரல் 1, டோஹர்ட்டி ராஜினாமா. ராய் வில்லியம்ஸ் வந்தார். டோஹர்ட்டி சேர்த்துவிட்டுப் போன அதே பசங்களை வைத்து 2005-ல் நேஷனல் சாம்பியன்!

யோசித்துப் பாருங்கள். பசங்க புகார் சொன்னார்கள், ஆள் மாறினார், ரெண்டே வருஷத்தில் டைட்டில். அப்போ எங்க லெட்டரும் சரிதானா? கே-வில் புல்லில் எனக்குள் வந்த ஞானம் ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட்டில் ஆவியாகிப் போனது. அந்தப் பசங்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆட்களைச் சேர்க்கத் தெரிந்த டோஹர்ட்டியையும் முட்டாள் என்று சொல்ல முடியவில்லை.

ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட் இந்த ஊரின் கடைத்தெரு. ட்யூக்கை ஜெயித்த ராத்திரி ஸ்டூடன்ட்ஸ் மொத்தமும் ஓடிவந்து குவிகிற நாற்சந்தி. நடு ரோட்டில் தீ மூட்டி அதைத் தாண்டுகிற வீரர்களும் உண்டு. கடைசியாக அப்படி ஊரே பித்துப் பிடித்து நின்ற வருஷம் எது என்று டி-ஷர்ட் கடையில் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் கொஞ்சமும் யோசிக்காமல் "2022" என்றார். அதுவும் ஒரு முதல் சீசன் கதைதான்.

ராய் வில்லியம்ஸ் 2021-ல் ஓய்வு பெற, ஹ்யூபர்ட் டேவிஸ் வந்தார். டீன் ஸ்மித்திடம் ஆடியவர், இந்த டீமின் முதல் கறுப்பினத் தலைமைக் கோச், அதற்கு முன் எந்தக் காலேஜுக்கும் தலைமைக் கோச்சாக இருந்ததில்லை. இங்கே பாரம்பரியமாக ரெண்டு உயரமான ஆட்களை பேஸ்கட்டுக்கு அடியில் நிறுத்துவார்கள்; இவர் ஒருத்தரை வெளியே தள்ளி, தூரத்திலிருந்து ஷூட் பண்ண வைத்தார். ஆரம்பத்தில் விழுந்தது அடி. டென்னஸியிடம் 89-72. கென்டக்கியிடம் 98-69. ஜனவரியில் ஒரே வாரத்தில் மயாமியிடம் 85-57, வேக் ஃபாரஸ்ட்டிடம் 98-76. பிப்ரவரி 5, சொந்த ஊரில் ட்யூக்கிடம் 87-67. அப்புறம் சாதாரண பிட்ஸ்பர்க் இங்கேயே வந்து ஜெயித்தது. 'இவர் நல்ல மனுஷர்தான், ஆனா இந்த வேலைக்கு இல்லை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். பிப்ரவரியில் கேட்டிருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன், பழக்கதோஷம்.

மார்ச் 5. கோச் கே-யின் கடைசி ஹோம் மேட்ச். காலையில் நான் நின்ற அதே கேமரன். பழைய ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட நூறு பேர் வாழ்த்த வந்திருக்கிறார்கள். டிக்கெட் ஆயிரக்கணக்கான டாலர். ஒரு மாதம் முன்பு 20 பாயின்ட்டில் தோற்ற டீம் உள்ளே போய் 94-81 என்று அடித்தது. பிரிவு விழாவில் மைக்கைப் பிடித்த கோச் கே, இன்றைக்கு நாங்கள் ஆடியது ஏற்றுக்கொள்ள முடியாதது என்று சொந்த ரசிகர்களிடமே சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ், செமி ஃபைனலில் மறுபடியும் ட்யூக். மறுபடியும் இவர்களே, 81-77. பெரிய கோச்சின் 42 வருஷத்துக் கடைசி மேட்ச்சை, முதல் வருஷக் கோச் முடித்து வைத்தார். ரெண்டு நாள் கழித்து ஃபைனலில் கன்சாஸோடு பாதி ஆட்டத்தில் 40-25 என்று முன்னால் நின்று, 72-69 என்று தோற்றதும் அதே டீம்தான். முதல் சீசன் கணக்கு: 29-10.

சினிமாவாக இருந்தால் இதோடு 'சுபம்'. ஆனால் அடுத்த சீசன், நாட்டின் நம்பர் 1 என்ற எதிர்பார்ப்போடு தொடங்கி, 20-13 என்று முடிந்து, டோர்னமென்ட்டில் இடமே கிடைக்கவில்லை. அதற்கடுத்தது 29-8. எந்த வருஷத்தை வைத்து அந்த மனுஷனுக்கு மார்க் போடுவீங்க?

அந்தக் காலம் வேறு, இந்தக் காலம் வேறு என்பதையும் சொல்லிவிடணும். 109 வாங்கிய டாக்கின்ஸும் பைலஸும் நாலு வருஷம் அங்கேயே இருந்தார்கள். 2021-லிருந்து ஒரு வருஷம் சும்மா உட்காராமலே காலேஜ் மாறலாம். 2025-லிருந்து காலேஜே நேரடியாக ஆட்டக்காரர்களுக்குப் பணமும் கொடுக்கலாம். தோற்ற டீம் ஏப்ரலில் காலியாகிவிடும். புதுசாக ஒரு டீமே விலைக்கு வரும். கோச்சுக்குக் கிடைக்கிற அவகாசமும் அந்த வேகத்தில்தான் சுருங்குகிறது. டாம் பட்டர்ஸ் இன்றைக்கு இருந்து 38-47-க்கு அந்தக் கான்ட்ராக்ட்டை நீட்டினால் அவருக்குத்தான் முதலில் வேலை போகும்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புகிற பஸ்ஸுக்காக ஃப்ராங்க்ளின் ஸ்ட்ரீட் ஸ்டாப்பில் நின்றபோது, எங்கள் லெட்டரில் என்னென்ன எழுதினோம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். 71-38 இருக்கிறது. நண்டுப் பயிற்சி இருக்கிறது. 11-க்கு 3 இருக்கிறது. மார்ச்சில் அதே காலேஜோடு ஒரு இன்விடேஷன் மேட்ச் ஆடி, 58-54 என்று தோற்றோமே, அது இல்லை. 33 பாயின்ட் வித்தியாசம் 4 ஆனது. அன்றைக்கு ஒருத்தனும் ஃப்ரீ லே-அப் விடவில்லை. தோல்வி தோல்விதானே என்று அந்த மேட்ச்சை லெட்டரில் சேர்க்காமல் விட்டிருந்தோம். சேர்த்திருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது கேப்டனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லெட்டரில் இல்லாத இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வருஷம் முழுக்க கோச் சார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நம்பர் 12, தண்ணி எடு." பெஞ்சில் இருக்கிற நாலு பேருக்குமே நம்பர்தான். உண்மையில் என் பேனா ஓடியது அந்தக் கோபத்தில்தான். ஆனால் அதை எழுதக் கூச்சப்பட்டு, ஸ்கோருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஒரு கோச்சை மாற்ற இது போதுமான காரணமா, தெரியாது. ஆனா, 71-38-ஐவிட இது நேர்மையான காரணம்.

ஊர் வந்து சேர்ந்ததும் கேப்டனைப் பிடித்தேன். "மச்சி, என் பேரை அடிச்சுடுடா. இல்லேன்னா மார்ச் மேட்ச்சையும் சேர்த்து வேற லெட்டர் எழுதுவோம்."

"அமெரிக்கா போயிட்டு வந்தா அறிவு வந்துடுச்சோ? லெட்டர் போன வாரமே பி.டி. சார் டேபிளுக்குப் போயிடுச்சு."

இப்போது பி.டி. சார் கையெழுத்து வரிசைப்படி ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேர் முடிந்தது. என் முறை வியாழக்கிழமை. அதற்கு முன்னால் புதன்கிழமை காலை 5.30-க்கு பிராக்டிஸ் இருக்கிறது. விஷயம் கோச் சாருக்குத் தெரியுமா, தெரியாதா என்று யாருக்கும் தெரியவில்லை. வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்து, கோர்ட் லைட்டைப் போட்டுவிட்டு, கையில் விசிலோடு நின்றுகொண்டிருப்பார்.